மூடுபனி: கோலாலம்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரின் விளிம்பில் உள்ள தாமான் குடியிருப்புகளில் காலை ஆறே முக்கால் மணிக்குச் சன்னலைத் திறந்ததும் எதிர்வீடு மங்கலாகத் தெரிந்தால், குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் முதலில் வந்து விழும் கேள்வி "இது பனியா, புகையா?" என்பதுதான். அந்தக் கேள்வியையும் அதைத் தொடர்ந்து உறவினர்களும் பிள்ளைகளும் கேட்ட பிற கேள்விகளையும் இங்கே ஒரே இடத்தில் தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

மூடுபனி என்றால் சரியாக என்ன?

நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேகமே மூடுபனி. காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளின் காரணமாகக் கண்ணுக்குத் தெரியும் தொலைவு 1,000 மீட்டருக்கும் கீழே இறங்கினால் அதனை மூடுபனி என்றும், அதே வகையான துளிகள் இருந்தும் 1,000 மீட்டருக்கு மேல் தெரிந்தால் அதனை மென்பனி என்றும் வானிலையாளர்கள் பிரிக்கிறார்கள். துளிகளின் தன்மையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. எண்ணிக்கையிலும் அடர்த்தியிலும்தான் வேறுபாடு.

ஒரு துளியின் குறுக்களவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை இருக்கும். இவ்வளவு சிறிய துளி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே கீழே இறங்குகிறது என்பதால், காற்றின் சிறு அசைவே அதைத் தாங்கிவிடுகிறது. நூறு கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு வரிசை வீட்டின் கூடம் முழுவதையும் நல்ல அடர்த்தியான மூடுபனியால் நிரப்பி, அந்தத் துளிகளையெல்லாம் ஒரு பாத்திரத்தில் வடித்தெடுத்தால் ஏறத்தாழ 20 கிராம் தண்ணீர், அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல், கிடைக்கும். ஆனால் அதே கூடத்தில், 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், கண்ணுக்குத் தெரியாத நீராவியாக இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் மிதந்துகொண்டிருக்கும். அந்த ஒரு கரண்டித் தண்ணீர்தான் எதிர்ச்சுவரை மறைக்கிறது. இரண்டு லிட்டர் நீராவி எதையும் மறைப்பதில்லை.

பனி, மூடுபனி, புகைமூட்டம், மஞ்சு: இவற்றுள் எதை எப்போது சொல்வது?

தமிழில் "பனி" என்ற ஒரு சொல் மிகுந்த வேலை செய்கிறது. புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, மார்கழி விடியற்காலை மங்கலும் பனி, இமயமலை உச்சியில் உறைந்து கிடப்பதும் பனி. முன்பனி, பின்பனி என்று ஆண்டில் இரண்டு பருவங்களுக்கே அந்தப் பெயரை நம் முன்னோர் வைத்திருக்கிறார்கள். மலாய் மொழியில் இவை தனித்தனிச் சொற்கள்: புல்லில் நிற்பது எம்புன், மூடுபனி காபுஸ், வெண்பனி சால்ஜி, புகைமூட்டம் ஜெரெபு. மலாயில் அறிவிப்பைப் படித்துவிட்டுத் தமிழில் "பனி" என்று ஒரே சொல்லால் பெயர்த்து அனுப்பும்போது குழப்பம் தொடங்குகிறது. நீர்த்துளியால் ஆனதை மூடுபனி என்றும், தீயின் துகளால் ஆனதைப் புகைமூட்டம் என்றும் எழுதும் பழக்கத்தை மட்டும் விடாமல் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மலைமேல் தவழும் மேகத்துக்கு "மஞ்சு" என்ற அழகான பழைய சொல் இருக்கிறது. கேமரன் மலைக்குப் போய்வந்தவர்கள் அதைப் பயன்படுத்தலாமே என்பது என் ஆசை.

காற்றில் இருக்கும் நீராவி எப்படித் துளியாக மாறுகிறது?

வெப்பம் குறையக் குறையக் காற்றில் நீராவியாகவே தங்கக்கூடிய நீரின் அளவும் குறைகிறது. ஒரு கன மீட்டரில் 30 டிகிரியில் ஏறத்தாழ 30 கிராம் வரை தங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான் தங்கும். இருக்கின்ற நீராவிக்கு இனி இடமில்லை என்ற அளவுக்குக் காற்று குளிரும் வெப்பநிலையைப் பனிநிலை என்பார்கள். கோலாலம்பூரில் அது பெரும்பாலான நாட்களில் 23 முதல் 25 டிகிரிக்குள் இருக்கிறது. காற்றின் வெப்பம் அந்தக் கோட்டைத் தொட்டால் மிகுதி நீர் வெளியேறியாக வேண்டும்.

ஆனால் வெளியேறும் நீர் வெறும் வெளியில் துளியாகிவிடாது. ஒட்டிக்கொள்ள ஏதாவது ஒரு நுண்துகள் வேண்டும். கடல் உப்பு, தூசு, புகைத்துகள் எதுவாகவும் அது இருக்கலாம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கன் 1880ஆம் ஆண்டு வாக்கில் இதனை எளிய சோதனையால் காட்டினார். சாதாரணக் காற்று நிரம்பிய கண்ணாடிக் கலத்துக்குள் நீராவியைச் செலுத்தியபோது கலம் வெண்மையாக மங்கியது; பஞ்சினூடாக வடிகட்டிய தூசற்ற காற்றில் அதே நீராவியைச் செலுத்தியபோது கலம் தெளிவாகவே இருந்தது.

காஜாங், உலு லங்காட் பக்கம் பனி மூடுகிறது. ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கம் மூடுவதே இல்லை. ஏன்?

தாழ்நிலத்தில் நாம் காணும் மூடுபனி பெரும்பாலும் நிலம் குளிர்வதால் வருவது. மேகமில்லாத, காற்று அடங்கிய இரவில் நிலம் தன் வெப்பத்தை வானை நோக்கி வீசிவிட்டுக் குளிர்கிறது. அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானதால் சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. முந்தின நாள் மாலை மழை பெய்து மண் ஈரமாக இருந்து, நள்ளிரவுக்குப் பின் வானம் தெளிந்தால், எல்லா ஏற்பாடும் முடிந்த மாதிரிதான். மழையும் தெளிவும் மாறி மாறி வரும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இப்படிப்பட்ட காலைகள் அமைய வாய்ப்பு அதிகம். தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் உலு லங்காட், ஜண்டா பாய்க், பெந்தோங் ஆகிய இடங்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கு அமைப்பு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. புரோகா மலையில் விடியலுக்கு முன்பே ஏறி நிற்பவர்கள் படமெடுக்கும் வெண்கடலும் இதுவே.

மாநகரின் நடுப்பகுதியில் நிலமே வேறு. தாரும் சிமெண்டும் பகலில் குடித்த வெப்பத்தை இரவெல்லாம் சிறிது சிறிதாகக் கக்குகின்றன. குளிர்சாதனங்களும் வாகனங்களும் தம் பங்குக்கு வெப்பத்தைச் சேர்க்கின்றன. ஈரத்தை வெளியிட மரமும் மண்ணும் குறைவு. பனிநிலை 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உலு லங்காட்டில் வெப்பம் 23க்கு இறங்கும்போது மஸ்ஜித் இந்தியாவில் அது 26இலேயே நின்றுவிட்டால், ஓரிடத்தில் மூடுபனி, மற்றோரிடத்தில் வெறும் புழுக்கம்.

விடிந்த பிறகு பனி குறையாமல் சில நேரம் அதிகமாகிறதே?

கவனித்துக் கேட்ட கேள்வி இது. இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டி எழுகிறது. ஆனால் நாளின் மிகக் குறைந்த வெப்பம் பெரும்பாலும் அந்த நேரத்தை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்னரோ வருகிறது. மேலும், இரவு முழுவதும் தரையோடு ஒட்டிக் கிடந்த ஈரக்காற்றை முதல் வெயில் மெல்லக் கிளறிவிடுகிறது. புல்லின் மேல் துளியாக நின்ற ஈரமும் காற்றில் கலக்கிறது. ஆகவே முழங்கால் உயரத்தில் கிடந்த மென்பனி அரைமணி நேரத்துக்குள் கூரை உயரத்துக்கு எழுந்துவிடுவதுண்டு.

"சூரியனைக் கண்ட பனி போல" என்று சொல்கிறோம். உண்மையில் வெயில் துளிகளை நேராகத் தாக்கி அழிப்பதில்லை. துளிகள் ஒளியை உள்வாங்குவதைவிடச் சிதறடிப்பதே அதிகம். மூட்டத்தை ஊடுருவிய ஒளி தரையைச் சூடாக்க, தரை தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்க, அந்தச் சூட்டில் துளிகள் மீண்டும் ஆவியாகின்றன. அதனால்தான் மூடுபனி கீழிருந்து மேலாகக் கலைகிறது. ஒன்பது மணி அளவில் தரை தெளிந்து, மேலே சாம்பல் நிறப் படலம் மட்டும் சிறிது நேரம் தொங்குவதைப் பார்க்கலாம். பழமொழியில் பிழையில்லை, நடுவில் நிலம் இருப்பதை அது சொல்லாமல் விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

"காலையில் பனி இறங்கினால் பகலில் வெயில் கொளுத்தும்" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வது சரியா?

பெரும்பாலும் சரி. தாழ்நில மூடுபனி உருவாக மேகமற்ற இரவு வேண்டும். அந்தத் தெளிந்த வானம் காலையிலும் தொடர்வதால் வெயில் தடையின்றி விழுகிறது. எனினும் இந்த ஊரில் காலை வெயிலே மாலை இடிமழைக்கு அடுப்பு மூட்டிவிடும் என்பதால், முற்பகல் வரைக்கும்தான் அந்தக் கணிப்புக்கு உத்தரவாதம்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பொழுதுபோக்குப் பேச்சாக இருக்கவில்லை. மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும் குளிர்ந்த விடியற்காலையில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். ஆகவே பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்ததும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மூட்டத்துக்குள்ளேயே நிரைக்குப் போவார்கள். அப்பாவின் விளக்கொளி நான்கு மரத்துக்கு அப்பால் வெள்ளைப் பந்தாக மிதந்து போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் பட்டை நன்றாக நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டில் வழியாமல் பட்டையெங்கும் பரவி வீணாகும். கையால் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, உளியை இடுப்பில் செருகிக்கொண்டு காத்திருப்பார்கள். பனி எப்போது கலையும் என்ற அறிவு அவர்களுக்கு அன்றைய கூலிக் கணக்காக இருந்தது.

வெளியே தெரிவது மூடுபனியா, புகைமூட்டமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மூடுபனி விடியலை ஒட்டி வந்து, முற்பகலுக்குள் போய்விடும். உச்சி வெயிலிலும் மங்கல் நீங்காமல், அடுத்த நாளும் அப்படியே இருந்தால் அது புகைமூட்டம்.

அடுத்து நிறம். மூடுபனித் துளி ஒளியலையைவிடப் பல மடங்கு பெரியது என்பதால் எல்லா நிறங்களையும் ஏறத்தாழச் சமமாகச் சிதறடிக்கிறது. ஆகவே வெண்மையாகத் தெரிகிறது, அதனூடாகப் பார்க்கும் சூரியனும் வெள்ளிக்காசு போல இருக்கிறது. புகைத்துகள்களோ பெரும்பாலும் ஒளியலைக்கு நிகரான அளவு அல்லது அதைவிடச் சிறியவை. அவை நீலத்தை அதிகமாகச் சிதறடித்துவிட, சூரியன் செம்மஞ்சளாக, சில நாட்களில் நண்பகலுக்குப் பின்னரே குங்குமப் பொட்டாகத் தெரிகிறது. மூன்றாவது மூக்கு: கரிந்த மண்ணின் வாடை வந்தால் விவாதம் முடிந்தது. நான்காவதாக, வாசலில் நிற்கும் காரின் கூரையைத் தொட்டுப் பாருங்கள். மூடுபனிக் காலையில் அது நனைந்திருக்கும்.

இந்த அடையாளங்கள் எல்லாம் முதற்கட்டத் தேர்வுக்கு மட்டுமே. உடல்நலம் தொடர்பான முடிவுக்குச் சுற்றுச்சூழல் துறை மணிக்கொரு முறை வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டையே பார்க்க வேண்டும். 50 வரை நலம். 51 முதல் 100 வரை மிதம். 101 முதல் 200 வரை நலத்துக்குக் கேடு. 201 முதல் 300 வரை மிகுந்த கேடு. 300க்கு மேல் அபாயம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களில், சுமத்திராவிலும் கலிமந்தானிலும் கரிச்சதுப்பு நிலங்கள் எரியும்போது புகை கடலைத் தாண்டி நம்மிடம் வருகிறது. இந்த நெருப்பு மண்ணுக்கடியில் புகைந்துகொண்டே இருப்பதால் மேலே நீரடித்தாலும் எளிதில் அணைவதில்லை. 1997, 2005, 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. 2005 ஆகஸ்டில் குறியீடு 500ஐக் கடந்ததால் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூனில் மூவாரில் அது 700ஐத் தாண்டியது. எல்லை தாண்டும் புகைமூட்டம் குறித்த ஆசியான் ஒப்பந்தம் 2002இல் இதே கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது. இந்தோனேசியா அதனை உறுதிப்படுத்த 2014 வரை ஆனது. பன்னிரண்டு ஆண்டுக் காலதாமதத்தைப் பற்றி நான் தனியாகக் கருத்துச் சொல்லத் தேவையில்லை.

இரண்டும் ஒன்றாகச் சேர முடியுமா?

முடியும், சேர்ந்தால் மோசம். புகைத்துகள்கள் அதிகமாக இருந்தால் அதே நீராவி மேலும் பல, மேலும் சிறிய துளிகளாகப் பிரிந்து ஒட்டிக்கொள்கிறது. சிறிய துளிகள் மெதுவாகவே இறங்குவதால் மூட்டம் அடர்ந்தும் நீடித்தும் நிற்கிறது. தைப்பொங்கலுக்கு முந்தின நாள் சென்னைக்குப் பறக்கும் உறவினர்கள் சில ஆண்டுகளில் விமானம் தாமதமானதைச் சொல்வார்கள்; சனவரி மூடுபனியோடு போகிப் புகையும் கலந்ததன் விளைவு அது.

இதன் கொடிய எடுத்துக்காட்டு இலண்டன். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை காற்று அசையாமல் நின்றுவிட, நிலக்கரிப் புகை மூடுபனியோடு கலந்து மாநகரை மூடியது. அப்போது கணக்கிடப்பட்ட இறப்பு ஏறத்தாழ 4,000. பின்னர் வந்த ஆய்வு அதனை 12,000 வரை உயர்த்தியது. 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் அதன் பிறகே வந்தது. அங்கே கொன்றது நீர்த்துளி அன்று. அது பிடித்து வைத்திருந்த கந்தகமும் கரியும்.

கெந்திங்கிலும் பினாங்குக் கொடிமலையிலும் பார்ப்பது மூடுபனியா, மேகமா?

கீழிருந்து பார்ப்பவருக்கு மேகம், உள்ளே நிற்பவருக்கு மூடுபனி. இரண்டு பெயரும் ஒரே பொருளுக்குத்தான்.

மலைமேல் அது உருவாகும் முறை மட்டும் தாழ்நிலத்திலிருந்து மாறுபடுகிறது. ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது. விரியும் காற்று ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் குளிர்கிறது. எங்கே அதன் வெப்பம் பனிநிலையைத் தொடுகிறதோ அங்கே மேகத்தின் அடிமட்டம் அமைகிறது. இதற்கு எளிய கணக்கு உண்டு: கீழே காற்றின் வெப்பத்திலிருந்து பனிநிலையைக் கழித்து, வரும் எண்ணை 125ஆல் பெருக்கினால் மேக அடிமட்டத்தின் உயரம் மீட்டரில் கிடைக்கும். பிற்பகலில் ஜார்ஜ் டவுனில் வெப்பம் 32, பனிநிலை 24 என்றால், 8ஐ 125ஆல் பெருக்க 1,000 மீட்டர். பினாங்கின் மிக உயர்ந்த இடமே 833 மீட்டர்தான் என்பதால் கொடிமலை தெளிவாக இருக்கும். மாலை மழைக்குப் பின் வெப்பம் 26க்கு இறங்கினால், 2ஐ 125ஆல் பெருக்க 250 மீட்டர். மலை இரயிலின் மேல்நிலையம் 700 மீட்டரை ஒட்டி இருக்கிறது; பாதி வழியிலேயே இரயில் மேகத்துக்குள் நுழைந்துவிடும். மேலே இருக்கும் அருளொளி திருமுருகன் ஆலயத்துக்கு மழை விட்ட மாலையில் போனால், வாசலில் நின்றுகொண்டே கோபுரத்தைத் தேட வேண்டியிருக்கும். ஊரின் காட்சி வேண்டுமானால் வெயில் ஏறிய பிறகு போங்கள். மூட்டம் வேண்டுமானால் மழையை அடுத்துப் போங்கள். ஆயர் ஈத்தாமில் சீட்டு வாங்கும் முன் கைப்பேசியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

கெந்திங் ஏறத்தாழ 1,800 மீட்டர், கேமரனின் தானா ராத்தா 1,400 மீட்டரைத் தாண்டியது, பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டரைக் கடந்தது. இந்த உயரங்களுக்கு நம் ஊர் ஈரக்காற்று ஏறினால் மேகமாகாமல் தப்பிப்பது அரிது. பிரிஞ்சாங்கின் பாசிக்காடு அந்த மேகத்தை நம்பியே வாழ்கிறது. காற்றோடு வரும் துளிகள் பாசியின் இழைகளில் மோதி, சேர்ந்து, சொட்டுகின்றன. மழை பெய்யாத நாளிலும் காடு நனைந்திருப்பது அதனால்தான். இதே உத்தியை மனிதரும் கற்றுக்கொண்டார்கள். மழையே அரிதான சிலி நாட்டின் வடகரையில், சுங்குங்கோ என்ற மீனவக் கிராமத்துக்காக 1990களில் மலைமுகட்டில் வலைகளைக் கட்டி மூடுபனியிலிருந்து குடிநீர் எடுத்தார்கள்.

பினாங்குப் பாலத்தில், கடல்மேல் மூடுபனி வருமா?

உலகின் பெயர்பெற்ற கடற்பனி எல்லாம் குளிர்ந்த நீரின் மேல் வெப்ப ஈரக்காற்று நகரும் இடங்களில் தோன்றுகிறது: நியூபவுண்ட்லாந்துக் கரை, சான் பிரான்சிஸ்கோ. மலாக்கா நீரிணையின் நீரோ ஆண்டு முழுவதும் 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. பனிநிலையைவிடக் கடல் சூடாக இருக்கும்போது அதன்மேல் செல்லும் காற்று துளியாகும் அளவுக்குக் குளிர வாய்ப்பில்லை. ஆகவே பாலத்தின் நடுவில் தீவு கண்ணுக்குத் தெரியாமல் போனால், அது கனமழையாகவோ புகைமூட்டமாகவோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

மழை விட்டதும் தார்ச்சாலையிலிருந்து ஆவி எழுகிறதே, அதுவும் மூடுபனிதானா?

ஆம், அதன் சிறிய தம்பி. மூன்று மணி வெயிலில் காய்ந்த சாலையில் நான்கு மணிக்கு மழை கொட்டி நிற்கிறது. சூடான தார் நீரை வேகமாக ஆவியாக்க, அந்த ஆவி மழையால் குளிர்ந்த காற்றோடு கலந்தவுடன் துளிகளாகி, கணுக்கால் உயரத்தில் சுருள் சுருளாக எழுகிறது. சைக்கிள் சக்கரம் கிழித்துக்கொண்டு போன பிளவு உடனே மூடிக்கொள்ளும். தேநீர்க் கோப்பையின் மேல் எழுவதும், குளிர்நாடுகளில் ஏரிமேல் காலையில் தவழ்வதும் இதே வகைதான்.

காரின் முன்கண்ணாடி மூடிக்கொண்டால் என்ன செய்வது?

உள்ளே மூடியிருக்கிறதா, வெளியே மூடியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதே முதல் வேலை. மழையில் நனைந்த நால்வர் காருக்குள் ஏறினால், அவர்களின் மூச்சும் ஈர உடையும் கண்ணாடியின் உட்புறத்தில் படியும்; அப்போது குளிர்சாதனத்தைப் போட்டு அதன் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டும், ஏனெனில் குளிர்சாதனம் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சுகிறது. நீண்ட நேரம் கடுங்குளிரில் வைத்து ஓட்டியதால் கண்ணாடியே 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துவிட்டால், ஈரம் வெளிப்புறத்தில் படியும்; அப்போது துடைப்பானை ஓட்டி, குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்க வேண்டும். பலர் இரண்டாவது சூழலிலும் குளிரைக் கூட்டி, மூட்டத்தை மேலும் கூட்டிக்கொள்கிறார்கள். பேரங்காடியிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவதற்கும் காரணம் இதுவே.

காராக் நெடுஞ்சாலையில் மூட்டத்தில் சிக்கினால் எப்படி ஓட்டுவது?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. முன்னால் 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால், தடையைப் பார்த்த கணத்திலிருந்து உங்களுக்கு மூன்று நொடிதான் இருக்கிறது. அதில் ஒன்றரை நொடி கால் தடைமிதியைத் தேடுவதிலேயே போய்விடும். தெரிகின்ற தொலைவுக்குள் நிறுத்த முடிகிற வேகமே அப்போதைய சட்டப்பூர்வ வேகம் என்று மனத்தில் கொள்ளுங்கள், பலகையில் எந்த எண் இருந்தாலும் சரி.

உயர்விளக்கைப் போடாதீர்கள், அந்த ஒளி துளிகளில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவரை எழுப்பும். தாழ்விளக்கும், இருந்தால் மூடுபனி விளக்கும் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போது அபாய விளக்கைச் சிமிட்டுவது நம் நாட்டில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, தடம் மாறுகிறீர்களா என்று தெரியாமல் போவதுதான் அதன் பலன். இடப்பக்கக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், அவசர ஓரத்தில் நிற்பதைவிட ஓய்விடம் வரை மெதுவாகப் போய்விடுவது நல்லது.

மூடுபனியில் விமானம் எப்படி இறங்குகிறது?

ஓடுபாதையின் ஓரத்தில் கருவிகள் ஒளிக்கற்றையைச் செலுத்தி, எவ்வளவு ஒளி மறுமுனை சேருகிறது என்பதிலிருந்து விமானி காணக்கூடிய தொலைவைக் கணக்கிடுகின்றன. கருவிகளின் துணையோடு இறங்கும் சாதாரண முறைக்கு அத்தொலைவு குறைந்தது 550 மீட்டர் இருக்க வேண்டும். மேம்பட்ட கருவிகளும் பயிற்சியும் இருந்தால் அதற்கும் கீழே இறங்கலாம்.

1977 மார்ச் 27இல் தெனரிஃப் தீவின் லோஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தனர். அந்த நிலையம் கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேலே, அதாவது நம் கொடிமலை மேல்நிலையத்துக்குச் சற்றுக் கீழான உயரத்தில், இருக்கிறது. அன்று ஓடுபாதையை மூடியது மலையில் தவழ்ந்து வந்த மேகம். ஒரு விமானம் மற்றதைக் காணவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரம் இரண்டையுமே காணவில்லை.

பனியில் நின்றால் சளி பிடிக்குமா?

சளியைத் தருவது கிருமி, நீர்த்துளி அன்று. ஆயினும் ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த ஈரக்காற்று மூச்சுக்குழாயை இறுக்கக்கூடும். தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லும் பாட்டியை மறுத்துப் பேச வேண்டிய அவசியமில்லை. மூடுபனிக்கு முகக்கவசம் தேவையில்லை; புகைமூட்டத்துக்குத் துணிக்கவசம் போதாது, என்95 வகைதான் வேண்டும்.

டெங்கிக்காக அடிக்கும் புகைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பெயரில் மட்டும். கொசுமருந்தைப் பெரும்பாலும் டீசலில் கலந்து சூடாக்கி வெளியேற்றும்போது அது நுண்துளிகளாக வெண்மையாகப் பரவுகிறது. துளிகள் என்ற அளவில் உறவு உண்டு. ஆனால் அது நீர் அன்று, ஆகவே பிள்ளைகள் அதற்குள் ஓடி விளையாட விடாதீர்கள்.

வீட்டிலிருந்தே மூட்டத்தை அளக்க முடியுமா?

முடியும், கருவி எதுவும் வேண்டாம். சன்னலிலிருந்து தெரியும் சில பொருள்களின் தொலைவை வரைபடத்தில் ஒருமுறை அளந்து ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். செந்தூலில் எங்கள் ஏழாவது மாடி நடைபாதையிலிருந்து பார்த்தால், தண்ணீர்த் தொட்டி 300 மீட்டர், கோயில் கோபுரம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், இரட்டைக் கோபுரம் நான்கு கிலோமீட்டர் அளவில். கோயில் கோபுரம் மறைந்தால் மூடுபனி என்று குறிக்கிறேன். அது தெரிந்து இரட்டைக் கோபுரம் மட்டும் மறைந்தால் மென்பனி. பத்து மணிக்கு மேலும் இரட்டைக் கோபுரம் திரும்பி வராவிட்டால் சன்னலைச் சாத்திவிட்டுக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்க்கப் போகிறேன்.